ஹென்யா கீழே வைக்காத மண்வாரி

என் அக்கா ஹென்யா செய்தித்தாளைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கிறவள். யூதர்களான எங்களுடைய இத்திஷ் மொழித் தாளில் மரண அறிவிப்புகள் அங்கேதான் வரும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, தாளை மூக்கோடு ஒட்டிப் பிடித்து, ஒவ்வொரு பெயராக விரல் வைத்துக்கொண்டு போவாள். 'இன்ன ஊர்ச் சங்கத்தின் முன்னாள் செயலாளர்' என்று ஒரு வரி கண்ணில் பட்டுவிட்டால் அவ்வளவுதான், என் வீட்டுத் தொலைபேசி அலறும்.

"டேய் லைசர், வண்டியை எடு. ஒருத்தர் போய்ட்டார்."

"யாரு அக்கா?"

"எனக்கென்னடா தெரியும்? முப்பது வருஷம் செயலாளரா இருந்திருக்கார். வீடு நிறையக் காகிதம் இருக்கும். பசங்க தூக்கிப் போடறதுக்குள்ள போகணும்."

நான் அப்போது ஹோட்டல்களுக்குப் படுக்கை விரிப்பு வெளுத்துக் கொடுக்கும் சலவைக் கம்பெனியில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். புரூக்ளினில் எந்தச் சங்கத்துக் கிழவர் செத்தாலும் அழுக்குத் துணி மூட்டைகளோடு என் வண்டி அந்த வாசலில் போய் நிற்கும். துக்க வீட்டுக்கு வருகிறவர்கள்தான் சாப்பாடு கொண்டுபோக வேண்டும் என்பதால் ஹென்யா கையில் கசகசா கேக் இருக்கும். துக்கம் காக்கத் தாழ்ந்த முக்காலியில் உட்கார்ந்திருக்கும் மகன்களுக்கு ஆறுதல் சொல்வாள். கண்ணீரும் விடுவாள், அது பொய்க் கண்ணீர் இல்லை. அப்புறம் கேக்கை நறுக்கிக்கொண்டே கேட்பாள்: "அப்பாவோட அலமாரி எங்கப்பா இருக்கு?" பல வீடுகளில் அவள் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தியிருக்கிறார்கள். ஒரு வீட்டில் கேக்கை வாங்கி வைத்துக்கொண்டு சாத்தினார்கள். அதை மட்டும் அவள் மன்னிக்கவே இல்லை.

கிழக்கு ஐரோப்பாவிலிருந்து நியூயார்க்குக்குக் கப்பலேறி வந்த எங்கள் சனம் இறங்கியதும் செய்த முதல் காரியம் சங்கம் வைத்ததுதான். ஊருக்கு ஒரு சங்கம். சில ஊர்களுக்கு இரண்டு, ஏனென்றால் முதல் சங்கத்தோடு சண்டை. உடம்பு சரியில்லாதவனுக்கு டாக்டர், வேலை போனவனுக்குக் கைமாற்று, செத்தவனுக்குச் சொந்த ஊர்க்காரர்களுக்கு நடுவில் ஆறடி நிலம், எல்லாம் சங்கம் பார்த்துக்கொண்டது. எல்லாவற்றையும் எழுதியும் வைத்தார்கள். யார் வந்தார், யார் வரவில்லை, யார் யாரை என்ன வார்த்தை சொல்லித் திட்டினார் என்பது வரை. அப்புறம் பிள்ளைகள் படித்து டாக்டரும் வக்கீலும் ஆகி, புல்தரை போட்ட வீடு வாங்கிக்கொண்டு போனார்கள். அவர்களுக்கு அந்த எழுத்தைப் படிக்கத் தெரியாது. அப்பா செத்தால் அலமாரி குப்பைக்குப் போகும்.

ஹென்யா மழைக்கோட்டுத் தொழிற்சாலையில் பொத்தான் துளை போடும் எந்திரத்தில் வேலை பார்த்தவள். ஒருநாள் மாலை வேலை முடிந்து வரும்போது, இடித்துக்கொண்டிருந்த ஒரு கட்டடத்துக்கு வெளியே நடைபாதையில் காகிதங்கள் மழையில் நனைந்து கிடந்தன. ஏதோ ஒரு ஊர்ச் சங்கத்தின் உறுப்பினர் விண்ணப்பங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு முகம் ஒட்டியிருந்தது. மீசைக்காரன், முட்டாக்குப் போட்டவள், கழுத்துப்பட்டை இறுக்கியதால் முழி பிதுங்கின இளைஞன். மழைத்தண்ணீர் அந்த முகங்கள்மேல் ஓடிக்கொண்டிருந்தது. ஹென்யா தன் கோட்டைக் கழற்றி அதன்மேல் போர்த்தினாள். தொப்பலாக நனைந்து எங்கள் வீட்டுக்கு வந்து நின்றவள் சொன்னது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது: "லைசர், ஒரு ஊரே குப்பையில கிடக்குதுடா. யாரும் குனிஞ்சு கூடப் பாக்கல."

அன்றைக்குப் பிடித்த பைத்தியம்தான். அவள் வீட்டுக் குளியல் தொட்டி காகிதத்தால் நிறைந்துபோய், குளிக்க எங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தாள். என் மனைவி ஜிட்டா ஒரு வார்த்தை சொல்லவில்லை. சோப்பை மட்டும் ஒளித்து வைத்தாள்.

பிராங்க்ஸில் ஒரு அடுக்குமாடி வீட்டுக்குப் போனோம். "இப்பத்தான் எல்லாத்தையும் குப்பை எரிக்கிற உலைக்குள்ள தள்ளினேன்" என்றான் மகன். ஹென்யா படிக்கட்டுகளில் உருண்டுவிடுவாளோ என்று நான் பயப்படும்படி கீழே ஓடினாள். அங்கே வேலையாள் தீக்குச்சியைக் கிழித்துக்கொண்டிருந்தான். அவன் கையைத் தட்டிவிட்டு, உலைக்குள் இடுப்பு வரை நுழைந்துவிட்டாள். மீன் முள், காபிச் சக்கை, முட்டை ஓடு எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே பறந்தன. கடைசியில் கரி பூசின முகத்தோடு ஒரு கட்டு நோட்டுப் புத்தகங்களைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "கிடைச்சுடுச்சுடா!" என்று கத்தினாள் பாருங்கள், எனக்கே உடம்பு சிலிர்த்துவிட்டது. சம்பளமில்லாமல் நான் அவளுக்கு வண்டி ஓட்டியதற்கு அந்தக் கத்தல்தான் காரணம்.

சேர்த்ததையெல்லாம் மான்ஹாட்டனில் ஒரு சின்ன ஆவணக் காப்பகத்துக்குக் கொண்டுபோய்க் கொடுப்பாள். அதை நடத்திய மிஸ் கெஸ்லர் தூசியைக் கண்டால் தும்முகிறவள், ஆனால் ஹென்யா கொண்டுவருகிற தூசியை மட்டும் சிரித்த முகத்தோடு வாங்கிக்கொள்வாள். ஒவ்வொரு ஊருக்கும் சாம்பல் நிற அட்டைப் பெட்டி, வெளியே பெயர் எழுதிய சீட்டு. பல ஊர்கள் சேர்ந்துவிட்டன. ஒன்றே ஒன்றுதான் வரவில்லை, அது எங்கள் சொந்த ஊர், லிஷ்கோவ்.

காரணம் ஃபைவிஷ் அண்ணன். கூடப் பிறந்தவர் இல்லை, எங்கள் ஊர்க்காரர். லிஷ்கோவ் சங்கத்துக்கு நாற்பது வருடமாக அவர்தான் செயலாளர். சங்கத்தின் சின்ன ஜெப ஆலயத்துக்கும் அவர்தான் எல்லாம். விளக்குப் போடுவது, கதவு பூட்டுவது, ஜெபத்துக்குக் கட்டாயம் வேண்டிய பத்து பேர் சேராவிட்டால் தெருவில் போகிறவனை இழுத்து வருவது, எல்லாம் அவர் வேலை. கண்ணாடி பொருத்துவது தொழில். பக்திமான், முன்கோபி. அவருக்கும் ஹென்யாவுக்கும் ஆகாது. எப்போதோ சங்கத்தின் ஆண்டு விருந்தில் ஹென்யாவை அடுக்களைக் கதவுக்குப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டார். போகிற வருகிற பரிமாறுகிறவன் எல்லாம் அவள் தலையில் சூப்புச் சட்டியால் இடித்தான். அவள் எழுந்து நின்று போட்ட சத்தத்தில் வாத்தியக்காரர்களே வாசிப்பை நிறுத்திவிட்டார்கள். ஃபைவிஷ் அண்ணன் அதை அப்படியே சங்கத்தின் கூட்டக் குறிப்பு எழுதும் மினிட் புத்தகத்தில் எழுதிவிட்டார்: 'ஹென்யா அம்மாள் அநாகரிகமாகக் கூச்சலிட்டார்.' அந்த வரியை நீக்கச் சொல்லி இவள் கூட்டத்துக்குக் கூட்டம் கேட்பாள். கேட்டதையும் அவர் எழுதி வைப்பார்.

"அவ காகிதத்தைப் பாதுகாக்கக் கேக்கல. அந்த ஒரு வரியைக் கிழிக்கக் கேக்குறா" என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

எழுபத்தொன்பதாம் வருடம் வசந்தத்தில் சங்கத்தைக் கலைத்துவிடுவது என்று முடிவானது. ஆலயக் கட்டடம் விலை பேசியாகிவிட்டது. தலைவர் நோட்டே கிராபெல்ஸ்கி, ஊறுகாய்ப் பீப்பாய்க் கடை வைத்திருந்தவர், ஹென்யாவிடம் வாக்குக் கொடுத்தார். "காகிதம் எல்லாம் உனக்குத்தான்மா. ஃபைவிஷை நான் பாத்துக்கறேன்." அவர் பார்த்துக்கொள்வதற்குள் ஞாயிற்றுக்கிழமை மாரடைப்பில் போய்விட்டார்.

திங்கட்கிழமை காலை அடக்கம். சவச் சடங்குக் கூடத்தில் நோட்டேயின் மகள் ட்வோய்ரா அழுது வீங்கின முகத்தோடு ஹென்யாவைத் தேடி வந்து, அவள் கையில் ஒரு சாவியை வைத்தாள். "அப்பா உங்களுக்குக் குடுக்கச் சொன்னார் சித்தி. ஆலயத்து நிலவறை அலமாரி."

ஹென்யாவுக்குப் பொறுக்குமா? எல்லோரும் கல்லறைத் தோட்டத்துக்குப் போகும் பேருந்தில் ஏறிக்கொண்டிருக்கும்போது என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "வழியிலதானேடா. பெட்டியை ஏத்திக்கிட்டு அப்படியே அடக்கத்துக்குப் போயிடலாம்."

அலமாரியைத் திறந்தோம். உள்ளே ஒரு பல்லி கூட இல்லை. தட்டுகளில் நோட்டுகள் இருந்த இடத்தில் தூசி படியாத கட்டங்கள் மட்டும் தெரிந்தன.

ஆலயத்தைக் கூட்டிப் பெருக்கும் ஆளைப் பிடித்தோம். "ஃபைவிஷ் கிழவர் காலைலயே வந்து எடுத்துட்டுப் போயிட்டாரே. கிழிஞ்ச ஜெபப் புத்தகத்தையெல்லாம் ஒரு மரப்பெட்டில போட்டார். இதையும் மேல அடுக்கி ஆணி அடிச்சு, பொணம் போற வண்டிலயே ஏத்தி அனுப்பினார்."

ஹென்யா முகம் வெளுத்துவிட்டது. எனக்கும் அப்போதுதான் உறைத்தது. கிழிந்துபோன ஜெபப் புத்தகத்தை நாங்கள் குப்பையில் போடமாட்டோம். கடவுள் பெயர் எழுதின காகிதத்துக்கும் அடக்கம் உண்டு. அதைச் சேர்த்து வைத்திருந்து, நல்ல மனிதர் யாராவது சாகும்போது அவர் பக்கத்தில் புதைப்போம். ஃபைவிஷ் அண்ணன் லிஷ்கோவின் அத்தனை காகிதத்தையும் அந்தக் கணக்கில் சேர்த்து, நோட்டேயின் குழிக்கு அனுப்பிவிட்டார். குழி மூடிவிட்டால் கதை முடிந்தது. மூடின கல்லறையைத் திறப்பது எங்களுக்கு நினைத்தே பார்க்க முடியாத பாவம், ஹென்யாவே கூட அதைக் கேட்கமாட்டாள்.

"ஏறுடா!" என்றாள்.

அன்றைக்கு நான் ஓட்டின ஓட்டத்தை என் முதலாளி பார்த்திருந்தால் அங்கேயே வேலையை விட்டு நிறுத்தியிருப்பார். சிவப்பு விளக்காவது, பச்சை விளக்காவது. குவீன்ஸ் போகும் நெடுஞ்சாலையில் வண்டிகள் நகராமல் நின்றன. நான் ஓரத்து மண்பாதையில் இறக்கினேன். பின்னால் துணி மூட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று உருண்டன. ஹென்யா ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டி, "வழி விடுங்கப்பா, அடக்கத்துக்குப் போறோம்!" என்று கத்தினாள்.

ஒரு லாரிக்காரன் தலையை நீட்டினான். "பொணம் ஓடியா போயிடும் பாட்டி? மெதுவா போ!"

"பொணம் ஓடாதுடா, காகிதம் ஓடிடும்!" என்றாள். அவனுக்கு என்ன புரிந்ததோ, வழி விட்டான்.

கல்லறைத் தோட்டத்தில் ஒவ்வொரு சங்கத்துக்கும் தனி வாசல், தனி வரிசை. லிஷ்கோவ் வாசலுக்கு முன்னால் வண்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடினோம். சவப்பெட்டியை இறக்கியாகிவிட்டது. அதன் பக்கத்தில் மரப்பெட்டியும் இறங்கியிருந்தது. கருப்புக் கோட்டு போட்ட எங்கள் ஊர்க் கிழவர்கள் வரிசையாக நின்று மண் போட்டுக்கொண்டிருந்தார்கள். மண் விழுந்து பலகையில் மோதும் சத்தம் கேட்டது. வேலையாட்கள் வேறு குழி தோண்டப் போய்விட்டார்கள். இரண்டே இரண்டு மண்வாரிகளை விட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

"அண்ணே, நிறுத்துங்க!" என்றாள் ஹென்யா, மூச்சு வாங்கிக்கொண்டு.

ஃபைவிஷ் அண்ணன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "லேட்டா வந்துட்டுக் கூச்சல் வேறயா? வரிசைல நில்லு."

நான் அவள் பெரிய சண்டை பிடிப்பாள் என்று நினைத்தேன். அவள் போய் ஒழுங்காக வரிசையில் நின்றுவிட்டாள். என்னையும் கண்ணால் கூப்பிட்டாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் முறை வந்ததும் மண்குவியலில் குத்தி வைத்திருந்த மண்வாரியை உருவினாள். மண்ணை அள்ளவில்லை. இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"லைசர், அந்த இன்னொண்ணை எடு" என்றாள்.

எடுத்தேன். அப்போதுதான் எனக்கு விளங்கியது. எங்கள் அடக்கத்தில் மண்வாரியை ஒருவர் கையிலிருந்து ஒருவர் வாங்கக் கூடாது. வாங்கினால் துக்கத்தையும் கையோடு வாங்கிக்கொண்ட மாதிரி. போட்டு முடித்தவர் அதை மண்ணில் குத்திவைக்க வேண்டும், அடுத்தவர் அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். நாங்கள் கீழே வைக்காதவரை அங்கே ஒருவரும் ஒரு பிடி மண் அள்ள முடியாது. அடடா, என் அக்கா! எனக்கு அந்த இடத்திலேயே சிரிப்பு வந்துவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

ஃபைவிஷ் அண்ணனுக்கு முகம் பீட்ரூட் ஆகிவிட்டது. "ஹென்யா! மண்வாரியைக் கீழ வை!"

"வைக்கமாட்டேன். பெட்டியை மேல எடுங்க, வைக்கிறேன்."

"இங்க செத்தவர் படுத்திருக்கார்! வெக்கமா இல்ல உனக்கு?"

"செத்தவர் எனக்கு வாக்குக் குடுத்திருக்கார். வெக்கம் உங்களுக்கு இருக்கணும்."

சவச் சடங்குக் கூடம் ஏற்பாடு செய்து அனுப்பியிருந்த ரபியை, எங்கள் மதகுருவை, பார்த்து ஃபைவிஷ் அண்ணன் கையை விரித்தார். "நீங்க சொல்லுங்க ரபி. இது நியாயமா?" அந்த மனிதர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "எனக்குப் பன்னெண்டு மணிக்கு இன்னொரு அடக்கம் இருக்கு" என்றார்.

கூட்டத்தில் யாரோ முணுமுணுத்தார்கள், "அந்த ஒரு வரிக்காக இவ்வளவு ஆட்டமா?"

ஹென்யா சட்டென்று அந்தப் பக்கம் திரும்பினாள். "எந்த வரி? நான் கூச்சல் போட்டேன்ற வரியா? போட்டேன். அந்த வரி அப்படியே இருக்கட்டும். கிழிக்க மாட்டேன், ஒரு புள்ளியைக் கூட மாத்த மாட்டேன். நூறு வருஷம் கழிச்சு எவனாவது படிக்கட்டும், லிஷ்கோவ்ல இப்படி ஒருத்தி கத்திக்கிட்டு இருந்தாள்னு. போதுமா?"

ஃபைவிஷ் அண்ணன் அதை எதிர்பார்க்கவில்லை. குரலைத் தாழ்த்தினார். "ஒவ்வொரு பக்கத்து உச்சியிலயும் 'கடவுள் துணை'ன்னு எழுதியிருக்கேன். அது குப்பைல கிடக்கக் கூடாது."

"நான் குப்பைக்கா எடுத்துட்டுப் போறேன்? கண்ணாடிக் கதவு போட்ட அறைண்ணே. கை கழுவிட்டுத்தான் தொட விடுவாங்க."

"அது மட்டும் இல்ல." அவர் தொப்பியைக் கையில் எடுத்து மறுபடி போட்டுக்கொண்டார். "அதுல ஒரு பிஸ்கட் டின் இருக்கு. ஊர்லேர்ந்து சங்கத்துக்கு வந்த கடிதாசு எல்லாம். மாவு வாங்க ஒத்தாசை கேட்டது, கூரை போடக் கேட்டது, பொண்ணு கல்யாணத்துக்குக் கேட்டது. கடைசிக் கடிதாசு நாப்பத்தொண்ணுல வந்தது. அதுக்கப்புறம் வரல."

அந்த வருடம்தான் ஜெர்மானியப் படை ஊருக்குள் நுழைந்து எங்கள் சனத்தைச் சுட்டுத் தள்ளியது. ஏன் வரவில்லை என்று அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும்.

"எங்கம்மாவோட குழி எங்க இருக்கு ஹென்யா? எனக்குக் காட்டு பாக்கலாம்" என்றார். "காட்டோரம் ஒரு பள்ளம்னு எவனோ சொன்னான். அங்க மாடு மேயுதாம். அவங்க கை பட்டதுன்னு இந்த உலகத்துல மிஞ்சினது அந்த டின்னு மட்டும்தான். அதையாவது முறையா, ஜெபம் சொல்லி, ஊர்க்காரன் பக்கத்துல மண்ணுல வைக்கணும்னு நெனச்சேன். தப்பா?"

எனக்குக் கையிலிருந்த மண்வாரி கனத்தது. கீழே வைத்துவிடலாமா என்றே தோன்றியது. எங்கள் மூத்த அக்கா ரீவாவும் புருஷனோடு லிஷ்கோவில்தான் தங்கிவிட்டாள். அந்தப் பள்ளத்தில்தான் அவளும்.

ஹென்யாவும் கலங்கிவிட்டாள். ஆனால் பிடியை விடவில்லை. "தப்புன்னு எப்படிண்ணே சொல்வேன்? எங்க ரீவாவும் அங்கதான் கிடக்கிறா. அவ எழுதினது அந்த டின்ல இருக்கோ இல்லையோ எனக்குத் தெரியாது. ஆனா இதை மூடிட்டா, அவங்க பேரை வாய்விட்டுப் படிக்க ஒரு ஆள் இருக்காது. நாம இங்க நிக்கறவங்க எல்லாம் இன்னும் எத்தனை நாளைக்கு? அவங்களை ஏற்கெனவே ஒருத்தன் ஒருதரம் மண்ணைப் போட்டு மூடிட்டான். நீங்களும் மூடணுமாண்ணே?"

யார் முடிவு செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் எல்லோரும் ட்வோய்ராவைப் பார்த்தார்கள். அது அவள் அப்பாவின் குழி.

ட்வோய்ரா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "எங்கப்பா ஒவ்வொரு கூட்டத்துலேர்ந்தும் ரத்தக் கொதிப்போடதான் வீட்டுக்கு வருவார். அத்தனை வருஷச் சண்டையையும் கொண்டாந்து அவர் பக்கத்துல வச்சிருக்கீங்களே, அவர் நிம்மதியா தூங்குவாரா ஃபைவிஷ் மாமா? ராத்திரியெல்லாம் எழுந்து 'தீர்மானத்தை எதிர்க்கிறேன்'னு கத்துவார்."

முதலில் ஒருவர் சிரித்தார். அப்புறம் இரண்டு பேர். பிறகு அந்தக் குழியைச் சுற்றி நின்ற மொத்தக் கிழடுகளும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தன. நோட்டேயே அதைக் கேட்டிருந்தால் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்திருப்பார்.

"எடுத்துக்கங்க சித்தி" என்றாள் ட்வோய்ரா. "அந்தக் கிழிஞ்ச ஜெபப் புத்தகம் மட்டும் அப்பாகிட்ட இருக்கட்டும்."

"இறங்குடா லைசர்" என்றாள் ஹென்யா.

அங்கே இறங்கக்கூடிய வயதில் இருந்தவன் நான் ஒருத்தன்தான், எனக்கு ஐம்பத்தாறு. என் மண்வாரியை மண்ணில் குத்தினேன். வேறு யாரும் எடுத்துவிடக் கூடாதே என்று ஹென்யா உடனே அதன்மேல் ஒரு காலை வைத்துக்கொண்டாள். அவ்வளவு சந்தேகம்! உயிரோடு ஒரு குழிக்குள் இறங்கி நின்று, "மன்னிச்சுக்கங்க நோட்டே அண்ணே" என்று முணுமுணுத்துக்கொண்டே பெட்டியின் பலகையை நெம்பினேன். மினிட் புத்தகங்கள், விண்ணப்பக் கட்டுகள், சுருட்டி வைத்த கூட்டப் புகைப்படம், கடைசியாகக் கயிறு கட்டின அந்த டின். எல்லாவற்றையும் மேலே கொடுத்தேன். ஏறப் பார்த்தால் முடியவில்லை, தொப்பை இடித்தது, ஈர மண் சரிந்தது. மேலேயிருந்து ஒரு கை நீண்டது. ஃபைவிஷ் அண்ணனின் கைதான். கண்ணாடி அறுத்து அறுத்துத் தழும்பேறின கை.

"ஏறி வா, எருமை" என்றார்.

ஹென்யா மண்வாரியை மண்ணில் குத்தினாள். ஃபைவிஷ் அண்ணன் அதை எடுத்து, குழி நிரம்பும்வரை யாருக்கும் விடாமல் அவரே மண் போட்டார். நாங்கள் எல்லோரும் இறந்தோர் ஜெபம் சொன்னோம். ரபி ஓட்டமும் நடையுமாகப் போய்விட்டார்.

அதன் பிறகு நடந்ததை நான் எப்படிச் சொல்வேன். என் வண்டியின் பின்கதவைத் திறந்து, துணி மூட்டைமேல் வெள்ளை விரிப்பை விரித்து, டின்னை அதன்மேல் வைத்தோம். பேருந்து கிளம்ப வேண்டும் என்று ஓட்டுநர் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தான். ஒருவரும் அசையவில்லை. ஹென்யா ஒவ்வொரு கடிதமாக எடுத்து அடியிலிருந்த பெயரை உரக்கப் படித்தாள்.

"ஷாயே மெல்னிக், தண்ணி சுமக்கிறவன்."

"எங்க சித்தப்பா! எங்க சித்தப்பா அவர்!"

"ப்ரைண்டல், தோல்காரன் வீட்டு விதவை."

"ஐயோ, அவ எனக்குப் பேரிக்காய் குடுப்பா! கணக்கு வச்சுத் திட்டவும் திட்டுவா!"

"அவ எங்கடி உனக்குக் குடுத்தா, நீ திருடினே!"

ஒருவரை ஒருவர் முழங்கையால் இடித்துக்கொண்டு, கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டு, பெயர் கேட்டதும் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். கைத்தடியில் நடக்கிறவர்கள் கைத்தடியை மறந்துவிட்டார்கள். அடக்கத்துக்கு வந்த கூட்டம் என்று யாரும் சொல்லமுடியாது, ஏதோ லிஷ்கோவிலிருந்து ரயில் வந்து நின்று ஆட்கள் இறங்கிக்கொண்டிருப்பதைப் போல இருந்தது. ரீவாவின் பெயர் மட்டும் வரவில்லை. ஹென்யா டின்னுக்குள் இன்னொரு தரம் பார்த்துவிட்டுக் கடிதங்களைத் திரும்ப அடுக்கினாள்.

காப்பகத்தில் எல்லாவற்றையும் பிரித்து அடுக்க ஆள் வேண்டும் என்றாள் மிஸ் கெஸ்லர். ஊர்க் கையெழுத்தெல்லாம் தெரிந்தவர் ஃபைவிஷ் அண்ணன்தான். செவ்வாய்க்கிழமை தோறும் நானே அவரை வண்டியில் ஏற்றி வருவேன். அவரும் ஹென்யாவும் ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து நாள் முழுக்கச் சண்டை போடுவார்கள். சாயங்காலம் கிளம்பும்போது அவர் நேரே குழாயடிக்குப் போய்க் கையை நனைப்பார், கல்லறைத் தோட்டத்தைவிட்டு வெளியே வருகிறவர்கள் செய்வது மாதிரி. போதாததற்கு, செத்தவர் நினைவாகக் கல்லறைமேல் வைக்கிற மாதிரி கோட்டுப் பையிலிருந்து ஒரு கூழாங்கல்லை எடுத்து லிஷ்கோவ் பெட்டிமேல் வைத்துவிட்டுத்தான் போவார்.

மிஸ் கெஸ்லர் அட்டை நசுங்கிவிடும் என்று மன்றாடிப் பார்த்தாள். ஹென்யாவுக்கோ கோபம் பொத்துக்கொண்டு வரும். கல்லை எடுத்து அவர் கையிலேயே திணிப்பாள். "இது ஆபீஸ்ணே! கல்லறை இல்ல! எத்தனை தரம் சொல்றது?"

"உனக்குக் கல்லறை இல்ல. எனக்குக் கல்லறைதான்" என்பார். அடுத்த வாரம் வேறு கல்லோடு வருவார்.

இலை உதிரத் தொடங்கின சமயம். ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நான் அவர்களை அழைத்துப்போக உள்ளே போனேன். இரண்டு பேரும் சத்தமில்லாமல் இருந்தார்கள். அதுவே எனக்குப் பயமாக இருந்தது. மேசைமேல் ஒரு தாள் விரித்திருந்தது. சங்கத்து விண்ணப்பக் கட்டு ஒன்றில் எதற்குள்ளோ மடங்கிக் கிடந்திருக்கிறது. ஃபைவிஷ் அண்ணன்தான் கையெழுத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் அதை ஹென்யா பக்கம் தள்ளினாராம். ரீவா எழுதியது. குளிர்காலம் வருகிறது, பையனுக்குப் பூட்ஸ் இல்லை, அனுப்ப முடியுமா என்று நாலே வரி. அளவு தெரியட்டும் என்று பையனின் காலைத் தாளில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்திருந்தாள். கட்டைவிரல் இருந்த இடத்தில் கோடு கோணலாகப் போயிருந்தது. பையன் காலை அசைத்திருக்கிறான், கூச்சமாக இருந்திருக்கும்.

ஹென்யா அந்தக் காலின்மேல் தன் உள்ளங்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கை அதைவிடப் பெரியதாக இருந்தது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, நான் மறைக்கவில்லை.

அவள் தாளை மடிக்காமல் பெட்டிக்குள் வைத்து, மூடியைப் போட்டாள். எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டாள். வாசல் வரை போனவள் திரும்பி வந்தாள்.

"அண்ணே, உங்ககிட்ட கல் இருக்கா?"

அவர் இரண்டு பையிலும் துழாவினார். ஒன்றுதான் இருந்தது. அதை மேசையில் வைக்காமல் அவள் கையில் கொடுத்தார்.